நீர் அரித்த பொன்: சீனச் சுரங்கத்தாரும் தேவாலாவின் குறும்பரும்

கல்முனையிலிருந்து தெற்கே காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று வழியாகத் திருக்கோவில் வரை நீளும் கரையோரத்தில், வடகீழ்ப் பருவக்காற்றின் கொந்தளிப்பு ஓய்ந்த பின்னர், வெளிறிய மணலின் மேல் ஆங்காங்கே கருமையான பட்டைகள் படிந்து கிடப்பதைக் காணலாம். இல்மனைட், மக்னடைட், ரூட்டைல், சேர்கோன், கார்னட் முதலிய பாரமான கனியங்களின் மணிகள் ஒன்றுசேர்ந்தமையால் உண்டான பட்டைகள் அவை. உள்நாட்டின் தொல்பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆறுகளால் கடலுக்கு அடித்துவரப்பட்ட பின்னர், அலையே அவற்றைத் தரம் பிரிக்கிறது. வேகத்துடன் ஏறிவரும் அலை எல்லா மணிகளையும் கரைக்குத் தூக்கி எறிய, வலுவிழந்து திரும்பும் நீர் பாரம் குறைந்த படிகக்கல் மணலை மட்டும் இழுத்துச் செல்வதால், பாரமானவை கரையிலேயே தங்கிவிடுகின்றன. திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையில் இதே முறையில் பெருமளவில் சேர்ந்த கனிய மணலை அகழ்வதற்காகவே 1957இல் அரச கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது.

இவ்வாறு ஓடும் நீரோ அலையோ பாரத்தின் அடிப்படையில் பிரித்து ஓரிடத்தில் சேர்த்துவைத்த கனியத் திரளைப் புவிச்சரிதவியலாளர் 'பிளேசர் படிவு' என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலிபோர்னியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இலட்சக்கணக்கான மனிதரை ஈர்த்த தங்கம், தொடக்கத்தில் பெரும்பாலும் இத்தகைய படிவுகளிலேயே கிடைத்தது. மலையிலுள்ள படிகக்கல் கொடிகளிலிருந்து சிதைந்து விழுந்த பொன் துகள்களை ஆறு உருட்டிச் சென்று, வளைவுகளின் உட்புறத்திலும், பாறைத் தளத்தின் வெடிப்புகளிலும், சரளைக்கு அடியிலும் பதுக்கி வைத்திருந்தது. அங்கிருந்து அதனை மீட்பதற்கு மனிதன் செய்யவேண்டியிருந்தது, ஆறு செய்த வேலையைச் சிறிய அளவில், கட்டுப்பாட்டுடன், மீண்டும் செய்வதே.

இந்த வேலையின் பௌதிகவியல் எளியது. பொன்னின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப் போல 19.3 மடங்கு, படிகக்கல் மணலின் அடர்த்தியோ 2.65 மடங்கு மட்டுமே. காற்றில் நிறுத்தால், ஒரே பருமனுள்ள பொன் மணி மணல் மணியைவிட ஏழு மடங்கு பாரமானது. ஆனால் நீருக்குள் ஒவ்வொரு பொருளும் தான் இடம்பெயர்க்கும் நீரின் எடையை இழப்பதால், 18.3க்கும் 1.65க்கும் இடையிலான ஒப்பீடாக அது மாறி, வேறுபாடு பதினொரு மடங்காக விரிகிறது. பொன் அரிப்பவன் நீரைத் தேடிச் செல்வதன் காரணம் இதுவே: அழுக்கைக் கழுவும் நீர் அதே வேளையில் பாரங்களுக்கிடையிலான இடைவெளியையும் பெருப்பிக்கிறது. எனினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. நுண்ணிய துகள்களைப் பொறுத்தவரை, ஒரு பொன் துகளும் அதைவிட மூன்று மடங்குக்குச் சற்று அதிகமான விட்டமுடைய மணல் துகளும் ஒரே வேகத்தில் அமிழ்கின்றன. ஆகவே பருமன் கலந்த மண்ணை அப்படியே நீரில் இட்டால், சிறிய பொன்னும் பெரிய மணலும் ஒன்றாகவே படியும். சலித்துப் பருமனை ஒழுங்குபடுத்திய பின்னரே நீரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை, சூத்திரங்களை எழுதாமலே, உலகெங்கும் பொன் அரித்தவர்கள் அறிந்திருந்தனர்.

அப்படி அறிந்தவர்களுள், குடியேற்ற நாடுகளின் தங்கவயல்களுக்குத் தென்சீனத்திலிருந்து சென்ற சுரங்கத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். அவுஸ்திரேலியாவின் பிரித்தானியக் குடியேற்றமான விக்டோரியாவில் 1851இல் தங்கம் வெளிப்பட்டதும் ஐரோப்பியர் திரண்டனர். 1853, 1854ஆம் ஆண்டுகளிலிருந்து குவாங்டொங் மாகாணத்தின் சீனரும் பெருந்தொகையாக வரத் தொடங்கினர். அவர்களுள் மிகப் பலர், கப்பற் கட்டணத்தை வணிகரிடம் கடனாகப் பெற்று, அதனை உழைத்து அடைப்பதாக ஒப்புக்கொண்டு புறப்பட்ட நெல் விவசாயக் குடும்பத்தினர். சான் பிரான்சிஸ்கோவைப் 'பழைய தங்கமலை' என்றும் அவுஸ்திரேலியாவைப் 'புதிய தங்கமலை' என்றும் அவர்கள் அழைத்தனர்.

விக்டோரியா அரசு 1855இல் இயற்றிய சட்டம், கப்பலின் ஒவ்வொரு பத்துத் தொன் கொள்ளளவுக்கும் ஒரு சீனரை மட்டுமே ஏற்றிவர அனுமதித்ததோடு, வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் பத்துப் பவுண் தலைவரியும் விதித்தது. வரியைத் தவிர்ப்பதற்காக, அயற்குடியேற்றமான தென் அவுஸ்திரேலியாவின் ரோப் என்னும் சிறு துறைமுகத்தில் 16,000க்கும் மேற்பட்டோர் இறங்கி, அங்கிருந்து நானூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தொலைவைக் கால்நடையாகக் கடந்து தங்கவயல்களை அடைந்தனர். 1857இல் இவ்வாறு நடந்துவந்த ஒரு குழுவினர் வழியில் தங்கிய இடத்தில் கண்டெடுத்த தங்கமே அரராட் என்னும் நகரின் தோற்றத்துக்குக் காரணமாயிற்று. அதே ஆண்டு ஜூலை 4ஆம் திகதி பக்லன்ட் ஆற்றோரத்திலும், 1861 ஜூன் 30ஆம் திகதி நியூ சவுத் வேல்ஸின் லாம்பிங் பிளாட்டிலும், ஐரோப்பியச் சுரங்கத்தார் கும்பலாகத் திரண்டு சீனரைத் தாக்கி, கூடாரங்களை எரித்து, வயல்களிலிருந்து விரட்டினர். 1861ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி விக்டோரியாவில் 24,732 சீனர் இருந்தனர்.

இந்தப் பின்னணியை விட்டுவிட்டு அவர்களுடைய தொழில்நுட்பத்தை விளங்கிக்கொள்ள முடியாது. சீனச் சுரங்கத்தார் பெரும்பாலும் பிறர் கைவிட்ட நிலத்திலும், ஒருமுறை கழுவி எறியப்பட்ட கழிமணலிலும் வேலை செய்தனர் என்பதை அக்காலத்து எழுத்துகள் பலவும் குறிப்பிட்டு, அதனை அவர்களின் இயல்பான பொறுமை என்றும் சிறு இலாபத்தில் திருப்தியடையும் குணம் என்றும் விளக்கின. அந்த விளக்கம் ஏற்கத்தக்கதன்று. புதிய நிலத்தில் முதலில் கால் வைத்தால் அடிவிழும் என்ற நிலை, வணிகருக்கு அடைக்கவேண்டிய கடன், ஊரில் காத்திருந்த குடும்பம் ஆகியவை சேர்ந்தே அவர்களைக் கழிமணலுக்கு அனுப்பின. கழிமணலில் பொன் எஞ்சியிருந்ததற்கும் தெளிவான காரணம் உண்டு. சில அடிச் சதுரமே கொண்ட உரிமைத் துண்டுகளில் வேலை செய்த ஐரோப்பியர், வேறோர் ஆற்றில் தங்கம் கிடைத்தது என்ற செய்தி வந்ததும் பாதி வேலையில் புறப்பட்டுவிடுவர். விக்டோரியாவின் பசைக் களிமண்ணோ முற்றாகக் கரையாமல் உருண்டைகளாகத் திரண்டு, பொன் துகள்களை உள்ளே பொதிந்துகொண்டு கழிவோடு போய்விடும். அந்த உருண்டைகளைத் திரும்பவும் ஊறவைத்து, உடைத்து, கரைத்துக் கழுவுவதற்குக் குழுவாக உழைக்கும் ஆட்களும், தடையின்றி வரும் நீரும் தேவைப்பட்டன. சீனரிடம் இரண்டும் இருந்தன.

பயன்பட்ட கருவிகளுள் மிகப் பரவலானது 'தொட்டில்' எனப்பட்ட மரப்பெட்டி. அதன் மேற்பகுதியில் துளையிட்ட தகட்டை அடியாகக் கொண்ட ஒரு தட்டு இருக்கும். அதில் மண்ணைக் கொட்டி, ஒருவர் அகப்பையால் நீர் ஊற்றிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்துப் பெட்டியை ஆட்ட, கற்கள் தகட்டின் மேல் தங்கி, துளைவழி இறங்கும் சேற்றுநீர் சாய்வாக விரித்த ஒரு துணியின் மேல் வழிந்து, அடித்தளத்தில் குறுக்கே அறைந்த மரச்சட்டங்களைத் தாண்டி வெளியேறும். ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் நீர் சுழன்று வேகம் குன்றுவதால், பாரமான துகள்கள் அங்கே விழுந்து தங்குகின்றன. ஒருவர் வெட்ட, ஒருவர் சுமக்க, ஒருவர் ஆட்ட என மூவர் நால்வரால் நடத்தக்கூடிய இக்கருவி சீனரின் கண்டுபிடிப்பன்று. கலிபோர்னியாவிலும் எல்லா இனத்தவரும் இதனைக் கையாண்டனர். சட்டங்களுக்குப் பின்னால் கருமணல் இறுகிப்போகும் முன்னர் அதனை அடிக்கடி கிளறி, உரிய நேரத்தில் வழித்தெடுப்பதில்தான் கைத்திறன் வெளிப்பட்டது. இறுகிய கருமணல் சட்டத்தின் உயரத்தை அடைந்துவிட்டால் நீர்ச்சுழல் மறைந்து, அதன் பின் வரும் பொன் தங்க இடமின்றிக் கழிவோடு போய்விடும்.

தொட்டிலைவிடச் சீனரின் அறிவு முழுமையாக வெளிப்பட்டது நீரைக் கொணரும் வேலையிலேயே. குழிகளில் ஊறும் நீரை இறைப்பதற்கு, சீன நெல்வயல்களில் நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட சங்கிலி ஏற்றத்தை அவர்கள் கலிபோர்னியாவின் ஆற்றுப்படுகைகளில் அமைத்தனர். சாய்வாக வைத்த நீண்ட மரத்தொட்டி ஒன்றினுள், முடிவில்லாச் சங்கிலியில் கோத்த சிறு பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறி நீரைத் தள்ளிவரும். மேல்முனையிலுள்ள அச்சைக் கால்களால் மிதித்தோ, ஆற்றோட்டத்தில் சுழலும் சக்கரத்தோடு பொருத்தியோ இயக்குவர். தேவையான பலகையையும் மரத்தையும் எங்கும் பெறலாம், உடைந்தால் அங்கேயே திருத்தலாம் என்பதால், இரும்புப் பம்பிகளை வாங்க இயலாதவர்களுக்கு அது ஏற்றதாக இருந்தது.

மலைச்சரிவுகளில் வேலை செய்வதற்கு இதனிலும் பெரிய ஏற்பாடு வேண்டும். மேலேயுள்ள ஓடையொன்றை மறித்து, அந்நீரைச் சரிவின் விளிம்பை ஒட்டி மிகக் குறைந்த தாழ்வுடன் வெட்டிய வாய்க்காலில் பல கிலோமீற்றர் நடத்திவந்து, பொன் மண் இருக்கும் திட்டின் தலைப்பில் விழச்செய்வர். நீர் மண்ணை அறுத்துக்கொண்டு இறங்க, குழுவினர் கடப்பாரையால் திட்டை இடித்து அந்நீரில் சரிப்பர். கலங்கிய நீர் பாறைத் தளத்தில் வெட்டிய ஒடுங்கிய கால்வாய் வழியே ஓட, அதன் அடியில் பரப்பிய கற்களுக்கு இடையில் பொன் படியும். வாய்க்காலின் தாழ்வு கூடினால் கரை அரிக்கும். குறைந்தால் சேறு படிந்து அடைக்கும். எவ்வளவு தாழ்வு பொருத்தமானது, எந்த மண்ணில் நீர் கசிந்துவிடும், கீழுள்ள குழுவுக்கு எப்பொழுது நீரை விடவேண்டும் என்பவையெல்லாம், சம்மாந்துறை வட்டைகளில் வட்டவிதானைமாரும் விவசாயிகளும் போகத்துக்குப் போகம் தீர்க்கும் கேள்விகளைப் போன்றவையே. தென்சீனத்து நெல் விவசாயி அந்த அறிவை வயலிலிருந்து தங்கவயலுக்கு அப்படியே எடுத்துச் சென்றான். குடியேற்ற அதிகாரிகளின் அறிக்கைகளில் அது பெரும்பாலும் 'உழைப்பு' என்று பதிவானதே தவிர, 'பொறியியல்' என்று பதிவாகவில்லை.

நியூசிலாந்தின் ஒட்டாகோ மாநிலத்தில் இந்த நீர்வேலைகளின் தடயங்கள் இன்றும் தெளிவாகக் காணப்படுகின்றன. ஐரோப்பியச் சுரங்கத்தார் வேறு வயல்களை நாடிப் போனதால் வருமானம் குன்றிய டனீடன் நகர வணிகர்கள், 1865இல் சீனரை வரவழைக்க முடிவு செய்ய, அடுத்த ஆண்டிலிருந்து அவர்கள் விக்டோரியாவிலிருந்தும் பின்னர் நேரே சீனாவிலிருந்தும் வந்து சேர்ந்தனர். 1881இல் நியூசிலாந்தில் சுமார் 5,000 சீனர் இருந்தனர்; அதே ஆண்டில் அங்கும் பத்துப் பவுண் தலைவரி விதிக்கப்பட்டு, 1896இல் அது நூறு பவுணாக உயர்த்தப்பட்டது. அவர்களுள் ஒருவரான வணிகர் சோய் சியூ ஹோய், ஷொட்டோவர் ஆற்றின் பிக் பீச் என்னும் இடத்தில் 1889ஆம் ஆண்டளவில் இயக்கிய தூர்வாரும் மிதவை இயந்திரம், ஆற்றங்கரைச் சமவெளியின் சரளையையும் அள்ளி அரிக்கக்கூடியது என்பதை நிரூபித்து, நியூசிலாந்தில் தூர்வாரும் கம்பனிகளின் பெரும் எழுச்சிக்கு வழிகோலியது. சீனர் பழைய கருவிகளோடு நின்றுவிட்டவர்கள் என்ற எண்ணத்தை மறுப்பதற்கு இந்த ஒரு சான்றே போதும்.

நீர் அரித்த நிலத்தில் எஞ்சியிருப்பவை கற்சுவர்கள். கால்வாயை அடைக்காதபடி பெரிய கற்களைக் கையால் அகற்றி இருமருங்கிலும் அடுக்கியதால், ஆள் உயரத்துக்கும் மேலான கல்வரிசைகள் ஒட்டாகோவிலும், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலும் இன்றுவரை நிற்கின்றன. ஒழுங்காக அடுக்கப்பட்ட கல்வரிசை எங்கிருந்தாலும் அது சீனரின் கைவேலையே என்று சொல்லும் வழக்கம் இப்பகுதிகளில் உண்டெனினும், ஐரோப்பியரும் தேவை ஏற்பட்டபோது கற்களை அவ்வாறே அடுக்கினர் என்பதால், அருகிலுள்ள குடிசையின் அடித்தளம், மட்பாண்டத் துண்டுகள், நாணயங்கள், காணி ஆவணங்கள் ஆகியவற்றின் துணையின்றித் தொல்லியலாளர் அம்முடிவுக்கு வருவதில்லை. விக்டோரியாவில் காணப்படும் வட்டவடிவக் குழிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மூலைகளில் தீய ஆவிகள் பதுங்கும் என்று அஞ்சியே சீனர் வட்டமாகத் தோண்டினர் என்ற கதை மிகப் பிரபலமானது. ஆனால் நாற்புறமும் நெருக்கும் மண்ணின் அழுத்தத்தை வட்டச் சுவர் சமமாகப் பகிர்ந்து தாங்குவதால், மரத்தாங்கிகளுக்குச் செலவிடாமல் ஆழமாக இறங்க முடியும் என்ற பொறியியல் காரணம் அங்கே கண்ணெதிரே இருக்கிறது. பிறருடைய தொழில் அறிவை நம்பிக்கையாக மட்டும் விளக்கிவிடும் பழக்கம் அறிவியல் வரலாற்றுக்குப் பெருந்தடை.

இந்த மரபைக் காப்பதில் அந்நாடுகள் காட்டும் அக்கறை மிகவும் பிந்தியது. ஒட்டாகோவில் குளுத்தா ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த குரொம்வெல் நகரின் சீனக் குடியிருப்பு, மூழ்குவதற்கு முன்னர் தொல்லியலாளர்களால் அகழ்ந்து ஆராயப்பட்டது. அதே ஒட்டாகோவின் அரோடவுனில் ஆற்றோரச் சீனக் குடிசைகள் புனரமைக்கப்பட்டுள்ளன. விக்டோரியாவின் பெண்டிகோவில் சீனச் சமூகத்தின் வரலாற்றுக்கென அருங்காட்சியகம் இயங்குகிறது. தலைவரிக்காக நியூசிலாந்து அரசு 2002இலும், விக்டோரியா அரசு 2017இலும் முறையாக மன்னிப்புக் கேட்டன.

விக்டோரியாவின் கதையைத் தமிழ் நிலத்தோடு இணைப்பவர் ரொபேர்ட் புரோ ஸ்மித். விக்டோரியாவின் சுரங்கத் திணைக்களச் செயலாளராக 1860 முதல் பணியாற்றி, அக்குடியேற்றத்தின் தங்கவயல்கள் குறித்து 1869இல் விரிவான நூலொன்றை வெளியிட்ட இவருடைய திணைக்களம், சுரங்கத்தாரின் தொகையை ஐரோப்பியர், சீனர் எனத் தனித்தனி நிரல்களில் காலாண்டுதோறும் பதிவு செய்துவந்தது. சீனரின் எண்ணிக்கை ஏறத்தாழ முழுவதும் பிளேசர் படிவு நிரலிலேயே காணப்பட, படிகக்கல் கொடிகளை உடைத்து அரைக்கும் ஆழ்சுரங்க நிரலில் அவர்கள் மிகச் சிலரே. பணியாளரை நடத்திய முறை குறித்த விசாரணையின் பின்னர் 1876இல் பதவி விலகிய ஸ்மித்தை, 1879இல் இந்திய அரசு தென்கிழக்கு வயநாட்டின் தங்கத்தை ஆராய அழைத்தது.

இன்று தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில் அடங்கும் கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பகுதியே அந்தத் தென்கிழக்கு வயநாடு; 1877இல்தான் அது மலபாரிலிருந்து நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. அங்கே பொன் புதிய செய்தியன்று. குறும்பரும் பணியரும் தலைமுறைகளாக ஓடைகளின் மணலையும் மலைச்சரிவின் செம்மண்ணையும் அரித்துப் பொன் எடுத்துவந்தனர்; படிகக்கல் கொடிகளைத் தொடர்ந்து அவர்கள் தோண்டிய பழைய குழிகள் தேவாலாவைச் சுற்றிலும் இருந்தன. ஆங்கில அதிகாரிகள் 1830களிலேயே இதுபற்றி விசாரித்து எழுதியிருந்தனர். மலைக்குக் கீழே சாலியாற்றங்கரையில் நிலம்பூர்ப் பகுதியில் 'மரவி' எனப்படும் மரத்தட்டு இத்தொழிலின் முதன்மைக் கருவி. நடுவில் மெதுவாகக் குழிந்த அத்தட்டில் மண்ணை இட்டு, நீரின் மேல்மட்டத்தோடு ஒட்டிப் பிடித்து, வட்டமாகச் சுழற்றியும் முன்பின்னாக அசைத்தும் வர, சேறும் மணலும் விளிம்பைத் தாண்டி வெளியேறும். இறுதியில் தட்டின் குழிவில் எஞ்சுவது, கல்முனைக் கடற்கரையில் காணும் அதே இனத்தைச் சேர்ந்த கருமணலும், அதன் நடுவே மஞ்சள் பொடியும். உலோகத் தட்டில் வழுக்கிப்போகும் நுண்பொடியை மரத்தின் நார்ப்பரப்பு பற்றிக்கொள்கிறது என்பதால், இரும்புத் தட்டுகள் மலிந்த பின்னரும் மரத்தட்டு கைவிடப்படவில்லை.

ஸ்மித் வருவதற்கு முன்னரே அங்கே ஆசை முளைத்துவிட்டது. இலங்கையில் 1869இல் தென்பட்ட கோப்பி இலைநோய் வயநாட்டுத் தோட்டங்களையும் தாக்கியதால், நட்டத்தில் ஆழ்ந்த தோட்டத்துரைமார் தமது நிலத்துக்கடியிலுள்ள படிகக்கல்லை நோக்கினர். இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் வில்லியம் கிங் 1875இல் ஓர் ஆரம்ப அறிக்கை எழுதினார். 1880இல் வெளியான ஸ்மித்தின் அறிக்கை நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. அதனைத் தொடர்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட கம்பனிகள், நாற்பது இலட்சம் பவுணுக்கும் அதிகமான பெயரளவு மூலதனத்துடன், பெரும்பாலும் இலண்டனில் தொடங்கப்பட்டன. காடாக இருந்த பந்தலூர் சில மாதங்களில் நகரமாயிற்று. பாறையை இடிக்கும் பாரிய உலக்கை ஆலைகள் கடல் கடந்து வந்து, மாட்டு வண்டிகளிலும் ஆள்பலத்திலும் மலையேற்றப்பட்டன.

அந்த ஆலைகள் அரைத்த கல்லிலிருந்து செலவுக்குக்கூடப் பொன் கிடைக்கவில்லை. தொன் ஒன்றுக்கு எவ்வளவு பொன் என்ற மதிப்பீடுகள், தேர்ந்தெடுத்த சில கற்களை வைத்துக் கணிக்கப்பட்டவை. கொடியின் பெரும்பகுதி வறியது. மேலும், ஆழத்தில் பொன்னின் ஒரு பகுதி கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் கனியத்துக்குள் மிக நுண்ணியதாகச் சிறைப்பட்டிருந்ததால், இடித்த தூளைப் பாதரசத்தின் மேல் செலுத்தியபோது அது பிடிபடவில்லை. இத்தகைய கல்லைச் சயனைட் கரைசலில் ஊறவைத்துப் பொன்னைக் கரைத்தெடுக்கும் முறைக்கு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மக்ஆதரும் பொரஸ்ட் சகோதரரும் காப்புரிமை பெற்றது 1887இல். வயநாட்டுக் கம்பனிகள் அதற்கு முன்னரே சரிந்துவிட்டன. அதே காலத்தில் தடுமாறிய கோலார் தங்கவயல், பொன் செறிந்த கொடியைக் கண்டுபிடித்ததால் தப்பி, மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழம் வரை தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் இறங்கி, 2001 பெப்ரவரியில் மூடப்பட்டது.

வயநாட்டின் தோல்வியில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. கம்பனிகள் குறும்பரின் பழைய குழிகளை, கொடி எங்கே ஓடுகிறது என்பதைக் காட்டும் அடையாளங்களாக மட்டுமே பயன்படுத்தின. எவ்வளவு மண்ணை அரித்தால் எவ்வளவு பொன் கிடைக்கும், எந்தக் கொடி மேற்பரப்பில் மட்டும் செழிப்பாகி உள்ளே வறண்டுவிடும் என்று அனுபவத்தால் அறிந்திருந்தவர்களிடம், முதலீட்டுக்கு முன்னர் அந்தக் கேள்விகளைக் கேட்க எவரும் முனையவில்லை. தலைமுறைகளாகத் தோண்டியவர்கள் குழிகளை ஏன் ஓரளவுக்கு மேல் ஆழமாக்கவில்லை என்பதற்கு, கருவியின் போதாமை மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. கல்லின் வறுமையும் காரணமாக இருக்கலாம் என்பதை இலண்டன் பங்குதாரர்கள் பணம் கொடுத்துக் கற்றனர்.

நீலகிரியில் சீனரும் இருந்தனர் என்பது பலர் அறியாதது. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள், கூடலூருக்கு மேலேயுள்ள நடுவட்டத்தில் 1860களில் சின்கோனாத் தோட்ட வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிக் காய்கறி பயிரிட்டதை மானிடவியலாளர் எட்கர் தேர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். இவர்கள் பொன் அகழ வந்தவர்களல்லர். எனினும், தங்கவயலுக்கு மிக அருகில் வாழ்ந்த இம்மக்களும், தலைவரி செலுத்தி விக்டோரியாவில் மண் கழுவியவர்களும், ஒரே பேரரசு தன் தேவைக்கேற்ப நகர்த்தியும் தடுத்தும் ஆண்ட தென்சீன உழைப்பாளர் கூட்டத்தின் இரு கிளைகள்.

இலங்கையரின் கதையும் தேவாலாவில் வந்து சேர்கிறது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுள் கணிசமானோர், அவர்களுக்கு வேலை வழங்குவதற்கென நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில், கூடலூரிலும் பந்தலூரிலும் சேரம்பாடியிலும் குடியமர்த்தப்பட்டனர். தேயிலைக் கூலி போதாத காலங்களில், தாயகம் திரும்பியோர் உட்பட அப்பகுதியின் ஏழைகள் சிலர் கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களுக்குள் இரகசியமாக இறங்கத் தொடங்கினர். தாங்கிகள் இல்லாத குறுகிய சுரங்கத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் கல் உடைத்து, வீட்டில் அரைத்து, தட்டில் கழுவி, எஞ்சிய பொடியைப் பாதரசத்தோடு பிசைந்து, துணியில் பிழிந்து, அந்த உருண்டையை அடுப்பில் சுட்டுப் பாதரசத்தை ஆவியாக்கினால் பொன் மிஞ்சும். மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் அங்கே மனிதர் இறந்துள்ளனர்.

பாதரச ஆவி இன்னும் மெதுவாகக் கொல்கிறது. சுவாசத்தின் வழியே இரத்தத்தில் கலந்து, நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் அது, வெளியே சென்றதும் ஓடைச் சேற்றில் நுண்ணுயிர்களால் மெதைல் பாதரசமாக மாற்றப்பட்டு, மீனின் வழியே மீண்டும் மனிதரிடம் வருகிறது. மனிதச் செயற்பாடுகளால் வளிமண்டலத்தில் சேரும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது இத்தகைய சிறு அளவுப் பொன் அகழ்விலிருந்தே வருகிறது. அதனைக் குறைப்பதற்காக 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் இணைந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தங்கவயல்களிலும் சீனர், ஐரோப்பியர் இருசாராரும் பாதரசத்தைத் தாராளமாகப் பயன்படுத்தினர்; விக்டோரியாவின் ஆறுகள் சுமந்த சேறு கீழ்நிலத்து விளைநிலங்களை மூடியது. பண்டைய முறை என்பதற்காக எதனையும் தூயதென்று கருதுவது தவறு. கவனிக்கத்தக்க வேறுபாடு ஒன்று மட்டும் உண்டு: மரத்தட்டும் நீரும் கருமணலும் மட்டுமே கொண்ட அரிப்பு, பருமணிகளாகக் கிடைக்கும் பொன்னுக்குப் பாதரசமின்றியே போதுமானது. பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் சிறு சுரங்கத்தாருக்கு இன்று மாற்று வழிகளாகக் கற்பிக்கப்படும் முறைகளுள் பாரத்தால் பிரிக்கும் முறைகளே முதலிடம் பெறுகின்றன.

அரோடவுனில் பயணிகள் சீனக் குடிசைகளைப் பார்வையிடும் இதே காலத்தில், தேவாலாவின் சரிவுகளிலுள்ள குறும்பர் குழிகளும் கம்பனிச் சுரங்க வாய்களும் புதருக்குள் கிடக்கின்றன. ஆபத்து என்பதால் அவற்றை மண்ணிட்டு மூடுவது நியாயமே. ஆனால் மூடுவதற்கு முன்னர் ஒவ்வொன்றும் அளக்கப்பட்டு, வரையப்பட்டு, படமெடுக்கப்பட வேண்டும். நிலம்பூரில் மரவி குடையும் கைகளும் அதனைச் சுழற்றும் கைகளும் இயங்கும்போதே அந்த அறிவு அவர்களுடைய சொற்களில் பதிவாக வேண்டும். இலங்கையின் மலையகத்திலிருந்து அங்கு சென்று சுரங்கத்தில் இறங்கியவர்களின் வாய்மொழி வரலாற்றை, அவர்களுடைய மொழியையே பேசும் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் சென்று திரட்ட வேண்டும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியலும் வரலாறும் கற்கும் மாணவர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுக் களம் கிடைப்பது அரிது.